"அப்படி ஒரு விதி இருப்பதே எங்களுக்குத் தெரியாது மேடம்": கடன் அடைத்த பிறகு பத்திரத்துக்காக அலைந்த 113 நாள்

இதை எழுதக் காரணம் ஒன்றுதான். வீட்டுக் கடன் வாங்கும்போது எங்கே போ, யாரைப் பார், எந்தக் காகிதம் வேண்டும் என்று வழி சொல்ல எனக்கு எத்தனையோ பேர் இருந்தார்கள். அடைக்கும்போது ஒருவரும் இல்லை. அடைத்தால் முடிந்தது, பத்திரம் தானாக வீட்டுக்கு வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில், மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள், மாமாவுக்கு 81 வயது. அலைந்தது முழுக்க நான் தனியாகத்தான். என்னை மாதிரி தனியாக ஒரு கம்பெனியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிற யாருக்காவது இது உதவினால் போதும்.

நாங்கள் தக்கலை பக்கம். நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். 2016-ல் பழைய ஓட்டு வீட்டை இடித்து வீடு கட்டுவதற்காக நாகர்கோவிலில் கிளை வைத்திருக்கும் ஒரு வீட்டுவசதிக் கடன் கம்பெனியில் 14 லட்சம் வாங்கினோம். மாமாவின் பெயரில் இருக்கும் விளையின், அதாவது நிலத்தின், பத்திரங்கள் எல்லாவற்றையும் அசலாகக் கொடுத்தோம். அதில் ஒன்று 1953-ல் மாமாவின் அப்பா எழுதி வாங்கிய பிரமாணம். எங்கள் பக்கம் பழைய ஆட்கள் பத்திரத்தைப் பிரமாணம் என்றுதான் சொல்வார்கள். அப்போது கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேரவில்லை, 1956 நவம்பர் 1-ல்தான் சேர்ந்தது, அதனால் அந்தப் பிரமாணம் முழுக்க மலையாளத்தில் இருக்கும். ஏழு பக்கம். மாமா ஒருவருக்குத்தான் வீட்டில் அதை வாசிக்கத் தெரியும். அதைக் கொடுத்த அன்றைக்கு அவர் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே துணி சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இடையில் இரண்டு முறை கொஞ்சம் மொத்தமாகக் கட்டினோம். 2024 மார்ச்சில் பாக்கி 6,20,000 ரூபாய். வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருந்ததும் ஒரு சிட்டுப் பணமும் சேர்ந்து வந்தது, முடித்துவிடலாம் என்று போனேன். அங்கேதான் முதல் "தெரியாது" வந்தது. முன்கூட்டி அடைப்பதற்கு 2 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி, மொத்தம் 14,632 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றார்கள். எங்களுடையது வட்டி ஏறி இறங்கும் வகைக் கடன். அந்த வகையில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது பல வருடமாக இருக்கிற விதி. கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தன் கடனை அடைத்தபோது சொல்லியிருந்ததால் எனக்கு இது தெரியும். கேட்டேன். கவுன்டரில் இருந்த பையன் முகத்தில் சலனமே இல்லாமல், "அப்படி எதுவும் எங்களுக்குத் தெரியாது மேடம், சிஸ்டத்துல சார்ஜ் காட்டுது" என்றான். நான் அங்கேயே உட்கார்ந்து, "சரி, எந்த விதிப்படி இந்தச் சார்ஜ் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், கட்டிவிடுகிறேன்" என்றேன். உள்ளே போனான், வெளியே வந்தான், நாளைக்கு வரச் சொன்னான். நாலு நாள் கழித்து அந்த 14,632 ரூபாய் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து காணாமல் போனது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கமும் இல்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னதால்தான் அது மறைந்தது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் பின்னால் இத்தனை வாரம் வீணாகியிருக்காது.

மார்ச் 18, திங்கட்கிழமை. முழுப் பணமும் கட்டி ரசீது வாங்கினேன். பாக்கி இல்லை என்ற கடிதம் 27-ஆம் தேதி வந்தது. பத்திரம் சென்னையில் இருக்கிறது, இருபது நாளில் வந்துவிடும், போன் வரும் என்றார்கள். போன் வரவில்லை. ஏப்ரல் முதல் வாரம் போனேன், "கணக்கு முடிக்கிற நேரம்." இரண்டாவது வாரம் போனேன், "தேர்தல் நேரம், கூரியர் எல்லாம் லேட்." ஏப்ரல் 19 வாக்குப்பதிவும் முடிந்தது. பெரும்பாலும் நைட் டியூட்டி முடித்துக் குளித்துவிட்டுத் தக்கலையில் பஸ் ஏறி, வடசேரியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போய் ஒரு மணி நேரம் காத்திருந்து, இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் திரும்புவேன். இது மாதிரி மொத்தம் பதினொரு தடவை. பகல் டியூட்டி இருந்த நாட்களில் சம்பளமும் போனது.

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். அந்த ஐந்து வாரமும் எல்லாவற்றையும் வாயால் கேட்டேன், அவர்களும் வாயால் பதில் சொன்னார்கள். நான் போனதற்கே ஒரு அடையாளம் கிடையாது. நீங்கள் கடன் அடைத்த அன்றைக்கே, ரசீது கையில் வாங்கிய அதே நாளில், "இன்று முழுத் தொகையும் கட்டிவிட்டேன், என் அசல் ஆவணங்களை இந்தக் கிளையிலேயே பெற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்று ஒரு ஈமெயில் போட்டுவிடுங்கள். இரண்டு வரி போதும். பின்னால் எல்லாக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

விதியைப் பற்றி எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நான் முற்றத்தில் உட்கார்ந்து அழுததை அவர் மனைவி பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு காகிதத்தைப் பிரிண்ட் எடுத்து வந்து தந்தார். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-ல் போட்ட சுற்றறிக்கை. கடன் முழுவதும் அடைந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எல்லா அசல் ஆவணங்களையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பதிவு செய்த அடமானத்தையும் நீக்கிவிட வேண்டும். தாமதமானால் ஏன் என்று கடன் வாங்கியவருக்குச் சொல்ல வேண்டும். தாமதத்துக்குக் கடன் கொடுத்தவர் காரணம் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. பேங்க், கூட்டுறவு வங்கி, நிதி நிறுவனம், வீட்டுவசதிக் கடன் கம்பெனி எல்லாருக்கும் பொருந்தும். என் கணக்கில் 30-ஆவது நாள் ஏப்ரல் 17. அது தாண்டி ஆறு நாள் ஆகியிருந்தது. ஒரு விஷயம், அந்தச் சுற்றறிக்கை தனிநபர் கடன்களுக்கு உள்ளது. வீடு கட்ட, வீடு வாங்க எடுத்த கடன் அதில் வரும். வியாபாரத்துக்காகச் சொத்தை வைத்து வாங்கிய கடன் என்றால் இதை நேரடியாகக் காட்ட முடியாமல் போகலாம், உங்கள் கடன் எந்த வகை என்று அனுமதிக் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 24 காலையில் அந்தக் காகிதத்தோடு போனேன். இந்தத் தடவை மேனேஜரையே பார்த்தேன். அவர் வாங்கி, மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மேஜையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தார். "இப்படி ஒரு விதி இருப்பதே எங்களுக்குத் தெரியாது மேடம். ஹெட் ஆபீஸ்ல இருந்து எங்களுக்கு எதுவும் வரல. வந்தாதான் நாங்க ஃபாலோ பண்ண முடியும்." குரலில் கோபம் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் என்னைக் குழப்பியது. இவ்வளவு பெரிய கம்பெனிக்குத் தெரியாதது உண்மையாக இருக்குமா, ஒருவேளை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனா என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த ஒரு பக்கத்தைப் பத்து தடவை வாசித்திருப்பேன். சாயங்காலம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சுற்றறிக்கையின் மேல் பகுதியில் விரலை வைத்தார். யார் யாருக்கு அனுப்பப்படுகிறது என்ற வரிசை அங்கே இருந்தது. "மக்களே, இது உனக்கு எழுதுன கடுதாசி இல்ல. அவங்களுக்கு எழுதுனது. அவங்க பேருக்கு வந்த கடுதாசிய நீ கொண்டு போய்க் காட்டுற, தெரியாதுங்கான்" என்றார்.

எனக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. 2019-ல் நடந்தது ஞாபகம் வந்தது. மஸ்கட்டிலிருந்து பணம் வர மூன்று நாள் தாமதமாகி, ஒரு மாதத் தவணை திரும்பிப் போய்விட்டது. 590 ரூபாய் பிடித்தார்கள். இப்படிப் பிடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதே என்று இதே கிளையில் நின்று கேட்டேன். அன்றைக்கு இருந்த அதிகாரி ஒப்பந்தத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டி, "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம், தெரியாதுன்னா எப்படி?" என்று கேட்டார். அறுபது எழுபது பக்க ஒப்பந்தம், இங்கிலீஷில். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டப் பிரிவு என்றே தனியாக ஆள் வைத்திருக்கும் கம்பெனிக்கு, தங்களை நடத்தும் ரிசர்வ் வங்கி அனுப்பிய சில பக்கம் தெரியாமல் இருக்கலாம். அந்தக் கோபம்தான் என்னைக் கடைசி வரைக்கும் ஓட வைத்தது, உண்மையைச் சொன்னால்.

என் சித்தி மகள் பத்மநாபபுரம் கோர்ட்டில் வக்கீல். அவள் சொன்ன மூன்று விஷயத்தை இங்கே எழுதிவிடுகிறேன். முதலாவது, சட்டம் தெரியாது என்பது நம் நாட்டுச் சட்டத்தில் சாக்கே இல்லை. குற்றச் சட்டத்திலேயே, நடந்த விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு செய்தால் விலக்கு உண்டு, சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் கிடையாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் 76, 79 பிரிவுகள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 14, 17. இரண்டாவதுதான் எனக்கு ஆயுதமாகக் கிடைத்தது. கம்பெனிகள் சட்டம் 2013-ல் 134-ஆவது பிரிவில் ஒரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இயக்குநர்கள் ஒரு உறுதிமொழி கொடுக்க வேண்டும். தங்களுக்குப் பொருந்தும் எல்லாச் சட்டங்களையும் கடைப்பிடிப்பதற்கு முறையான ஏற்பாடுகள் செய்திருக்கிறோம், அவை போதுமானவை, சரியாக வேலை செய்கின்றன என்று. இது ஆண்டறிக்கையில் அச்சாகி வரும். "அக்கா, அந்தக் கம்பெனி வெப்சைட்ல போய் ஆண்டறிக்கையை எடுங்க, அந்த வரி கண்டிப்பா இருக்கும்" என்றாள். இருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டேன். இயக்குநர்கள் கையெழுத்துப் போட்டு எங்களுக்கு எல்லாச் சட்டமும் தெரியும், கடைப்பிடிக்கிறோம் என்கிறார்கள், நாகர்கோவில் கிளை தெரியாது என்கிறது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். மூன்றாவதை அப்புறம் சொல்கிறேன், அது கடைசியில்தான் தேவைப்பட்டது.

ஏப்ரல் 26-ல் எழுத்தில் புகார் கொடுத்தேன். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஈமெயில், அதே கடிதம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில், கிளையில் ஒரு நகல் கொடுத்து என் நகலில் சீல். சீல் போட முதலில் மறுத்தார்கள், "அப்படி வழக்கம் இல்லை" என்று. தபாலில் போகத்தானே போகிறது, இங்கே சீல் போட்டால் உங்களுக்கு என்ன என்று கேட்டபோது போட்டார்கள். கடிதத்தில் கதை எழுதவில்லை. கடன் எண், அடைத்த தேதி, 30-ஆவது நாள் எது, சுற்றறிக்கையின் தேதி, ஆண்டறிக்கையின் அந்த வரி, அப்புறம் ஒரே ஒரு கேள்வி: 24-ஆம் தேதி உங்கள் கிளை மேலாளர் இந்த விதி உங்கள் நிறுவனத்துக்குத் தெரியாது என்று சொன்னார், இது நிறுவனத்தின் நிலைப்பாடா என்று எழுத்தில் தெரிவிக்கவும். இந்தக் கேள்வியை எல்லாரும் கேளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பதில் எனக்கு இன்று வரை வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கிளையில் யாரும் என்னிடம் "தெரியாது" என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "புராசஸ்ல இருக்கு" என்று மாற்றிக்கொண்டார்கள்.

மே மாதம் முழுக்கப் புராசஸ்தான். அதற்குள் மகளுக்கு ரிசல்ட் வந்து, கோயம்புத்தூரில் பிசியோதெரபிக்கு இடம் கிடைத்தது. கல்விக் கடன் 9 லட்சம் கேட்டிருந்தோம், ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன் வேண்டும், பேங்கில் அசல் பத்திரம் கேட்டார்கள். அது இல்லாததால் முதல் வருடக் கட்டணத்துக்கும் ஹாஸ்டலுக்கும் என் நகை எட்டுப் பவுனை அடகு வைத்து 2,40,000 வாங்கினேன். மாதம் 2,400 ரூபாய் வட்டி. கடன் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு, அடைத்த கடனின் பத்திரம் வராததால் புதுக் கடன் வாங்கியது எனக்கு அவமானமாக இருந்தது. மகளிடம் வளையல் லாக்கரில் இருக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை என்று தெரியும், ஆனால் அவளும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு மாதம் ஆகியும் பதில் வராததால் மே 27-ல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இணையதளத்தில் புகார் போட்டேன். இங்கே இன்னொரு தப்பு. 2021-ல் வந்த அந்த ஒருங்கிணைந்த திட்டத்தில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வருகின்றன, வீட்டுவசதிக் கடன் கம்பெனிகள் வராது. சில நாளில் ஏற்க முடியாது என்று திரும்பி வந்தது. வீட்டுவசதிக் கடன் கம்பெனி மேல் புகார் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கிக்குத்தான் போக வேண்டும், கிரிட்ஸ் என்ற அவர்களுடைய இணையதளத்தில். விதி போடுவது ரிசர்வ் வங்கி, புகார் கேட்பது வேறொருவர், இது சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும்? பெயரில் ஃபைனான்ஸ் என்று இருப்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து எனக்குப் பத்து நாள் போனது. உங்கள் கடன் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலோ கம்பெனி வெப்சைட்டின் அடியிலோ அது எந்த வகை நிறுவனம் என்று இருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் புகார் போடுங்கள். இரண்டு இடத்திலும் முதலில் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு ஒரு மாதம் காத்திருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், என் ஏப்ரல் 26 கடிதம் அங்கே கை கொடுத்தது.

ஜூன் 6-ல் கிரிட்ஸில் போட்டேன். 11-ஆம் தேதி முதல் தடவையாகச் சென்னையிலிருந்து போன். மூன்று மாதத்தில் அவர்களாகப் பேசியது அதுதான் முதல் முறை. நல்ல மழை, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "ஒரே ஒரு டாக்குமெண்ட் மட்டும் மிஸ்பிளேஸ் ஆயிருக்கு மேடம், மத்தது எல்லாம் ரெடி." எந்த டாக்குமெண்ட் என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. 1953 பிரமாணம். அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் மனதில் ஏறவில்லை. மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் ஓடியது. அதைவிட மோசம், அடுத்து அந்த மனிதர் அந்தப் பத்திரத்தை நாங்கள் கொடுத்ததாகவே ரெக்கார்டு தெளிவாக இல்லை என்றார்.

கடவுள் புண்ணியத்தில் 2016-ல் வாங்கிய ஆவணப் பட்டியல் என்னிடம் இருந்தது. கம்பெனி சீல் போட்ட ஒற்றைத் தாள். நாலாவது வரியில் நீல பேனாவில் ஒருவர் "ஓல்டு மலையாளம் டீட், ஒரிஜினல், 7 பேஜஸ்" என்று தமிழிலேயே எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து வைத்திருந்தார். மடிப்பில் தாள் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டியிருந்தது. அதைப் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்பினேன். ரெக்கார்டு தெளிவாக இல்லை என்ற பேச்சு அதோடு நின்றது. அந்தத் தாள் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. கடன் வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, பக்க எண்ணிக்கையோடு, சீலோடு இந்தப் பட்டியலை வாங்காமல் அசலைக் கையை விட்டு விடாதீர்கள். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அப்புறம் கிளையிலிருந்து ஒரு யோசனை வந்தது. நான் போலீஸில் போய், என் பத்திரம் தொலைந்துவிட்டது என்று புகார் கொடுத்து, பேப்பரில் விளம்பரம் போட்டு, பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட வேண்டுமாம். "நீங்க சொத்துக்காரங்க, நீங்க கொடுத்தாதான் சீக்கிரம் முடியும்" என்று அக்கறையாகச் சொன்னார்கள். நான் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லப் போனேன், அவ்வளவு களைத்திருந்தேன். சித்தி மகள்தான் தடுத்தாள். தொலைத்தது அவர்கள், நான் தொலைத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் தாமதத்துக்குக் காரணம் நான் என்று ஆகிவிடும். சுற்றறிக்கையிலேயே இருக்கிறது: ஆவணம் தொலைந்தாலோ சேதமானாலோ, நகல் பெற உதவி செய்வதும் அதன் செலவை ஏற்பதும் கடன் கொடுத்தவர் பொறுப்பு, அதற்காக அவர்களுக்குக் கூடுதலாக 30 நாள் உண்டு, மொத்தம் 60 நாளுக்குப் பிறகு இழப்பீடு ஓடத் தொடங்கும். அந்தப் பகுதியைக் குறிப்பிட்டு, தொலைத்தவர் புகார் கொடுக்கட்டும், நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஈமெயில் அனுப்பினேன். கிரிட்ஸ் புகாரிலும் சேர்த்தேன்.

ஜூலை 3-ல் பிரமாணம் கிடைத்துவிட்டது என்று தகவல். வேறு யாருடைய கோப்பிலோ இருந்ததாம். 9-ஆம் தேதி போனேன், அன்றைக்கு மாமாவும் கூட வருவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்தார். கவரைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாக எண்ணினோம். ஓரம் கொஞ்சம் பழுத்திருந்தது, மற்றபடி ஏழு பக்கமும் இருந்தன. மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்தில் தன் அப்பாவின் பெயர் வரும் இடத்தை மெதுவாக வாசித்தார், அந்த ஏசி அறையில், மேனேஜருக்கு முன்னால், சத்தமாக. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மேனேஜரும் எதுவும் பேசவில்லை.

அப்புறம் ஒரு படிவத்தை நீட்டினார்கள். ஆவணங்களைத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன், இனி நிறுவனத்தின் மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை. சித்தி மகள் சொன்ன மூன்றாவது விஷயம் இங்கேதான். மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதாம்: எல்லாருக்கும் எல்லாச் சட்டமும் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, தனக்கு ஒரு உரிமை இருப்பது தெரியாத ஒருவர் அதை விட்டுக்கொடுத்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்த பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது விட்டுக்கொடுத்ததுதான். எனக்கு இப்போது தெரியும். அதனால் அந்த வரியை அடித்துவிட்டு, "ஆவணங்களை மட்டும் பெற்றுக்கொண்டேன், தாமத இழப்பீட்டுக் கோரிக்கை நிலுவையில் உள்ளது" என்று கையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மேனேஜர் சென்னைக்குப் போன் செய்தார், அரை மணி நேரம் ஆனது, ஏற்றுக்கொண்டார்கள். அதையும் போட்டோ எடுத்தேன்.

அதோடு வேலை முடியவில்லை. பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தை ரத்து செய்யும் ரசீதுப் பத்திரம் பதிய வேண்டும், கம்பெனி ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அது தக்கலையில் அதே மாதம் முடிந்தது. பிறகு வில்லங்கச் சான்று எடுத்து, அதில் அடமானம் தீர்ந்தது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம் கைக்கு வந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிட்டு, பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போது மாட்டிக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். சிபில் அறிக்கையிலும் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இழப்பீட்டுக்கு என் கணக்கு இது. ஏப்ரல் 18 முதல் ஜூலை 9 வரை 83 நாள், 5,000 வீதம் 4,15,000 ரூபாய். முதலில் நல்லெண்ணத் தொகை என்று 25,000 தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். நல்லெண்ணம் என்று எடுத்துக்கொண்டால் விதிப்படி தர வேண்டியது என்ற பேச்சே போய்விடும். சுற்றறிக்கை, தேதிகள், கிரிட்ஸ் புகார் எண் எல்லாம் போட்டு மறுபடி எழுதினேன். செப்டம்பரில் 2,65,000 ரூபாய் என் கணக்கில் வந்தது. ஆவணம் தொலைந்த வகையில் 60 நாள் கழித்து, மே 18 முதல் 53 நாளுக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த மெசேஜ் வந்தபோது நான் வார்டில் இருந்தேன், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நகையை மீட்டேன். நாலு மாத வட்டி 9,600 ரூபாயும், பஸ், ஆட்டோ, தபால் செலவும், போன சம்பளமும் அதில் கழிந்தது.

மீதி 1,50,000-க்காக அக்டோபரில் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். பத்திரம் தொலையவே இல்லை, அவர்கள் அலமாரியில் தப்பான கோப்பில் இருந்தது, பிறகு தொலைந்ததற்கான கூடுதல் 30 நாள் எதற்கு என்பதுதான் என் வாதம். ஜெயிப்பேனா தெரியாது, ஆனால் கேட்காமல் விட எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. சித்தி மகள் எழுதித் தந்தாள், நான்தான் போய் நிற்கிறேன்.

கம்பெனியின் எதிர்மனு வந்திருக்கிறது, பதினாலு பக்கம். ராத்திரி டியூட்டியில் நேரம் கிடைத்தபோது வரி வரியாக இரண்டு முறை வாசித்தேன். தொலைந்ததாகக் கருதப்பட்ட காலம் என்கிறார்கள், நடைமுறைச் சிக்கல் என்கிறார்கள், வாடிக்கையாளரின் அவசரம் என்றுகூட ஒரு இடத்தில் இருக்கிறது. அந்த விதி தங்களுக்குத் தெரியாது என்று ஒரு பக்கத்திலும் இல்லை.